முற்றத்து வெயிலும் பூஜை அறை இருட்டும்: வாலாஜா வீடு ஒன்றில் எச்.டி.ஆர். கற்ற கதை

வாலாஜாபேட்டையில் என் பள்ளி நண்பனின் பூர்வீக வீட்டை விற்றுவிடுவது என்று போன தை மாதம் முடிவானது. நான்கு பங்காளிகள். வாங்குகிறவருக்கு வேண்டியது மனைதான், வீடு இல்லை. இடிப்பதற்கு முன்னால் உள்ளே முழுவதையும் ஒழுங்காகப் படம் எடுத்து, பங்குக்கு ஓர் ஆல்பமாகக் கொடுக்க முடியுமா என்று நண்பன் கேட்டான். சரி என்றேன். நான் வேலூரில் பதினாறு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். மண்டபத்து வெளிச்சத்தையும் ஃபிளாஷையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்துப் பழகியவன். ஆளே இல்லாத பழைய வீட்டை, ஃபிளாஷ் போடாமல், அதன் சொந்த வெளிச்சத்திலேயே எடுப்பது எனக்குப் புதிது. அதற்காகத்தான் எச்.டி.ஆர்., அதாவது ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் முறையைக் கற்றேன். இரண்டு முறை படம் எடுத்தேன், மூன்று முறை எடிட் செய்தேன். எங்கே தவறினேன், எதை மாற்றினேன் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இதே மாதிரி வீடுகள் மாதா மாதம் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. யாராவது ஒருவர் தன் வீட்டைப் படமெடுத்து வைக்க இது உதவினால் போதும்.

வீடு

வாலாஜா, நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வியாபார ஊர். ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது வாலாஜா ரோடு ஸ்டேஷனில்தான். 1866-லேயே நகராட்சி ஆகிவிட்டது. அன்றைக்கு வட ஆற்காடு, பிறகு வேலூர் மாவட்டம், 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். நெசவும் வியாபாரமும் செழித்த காலத்தில் கட்டிய வீடுகள் சில தெருக்களில் இன்னும் நிற்கின்றன.

நண்பனின் வீடும் அப்படிப்பட்டதுதான். தெருவில் திண்ணை, அதைத் தாண்டி இருட்டான நடை, நடை முடிகிற இடத்தில் திடீரென்று திறக்கும் முற்றம். முற்றத்தில் கருங்கல் பலகை பாவியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் தேக்குத் தூண்களோடு தாழ்வாரம். மேற்குத் தாழ்வாரத்தை ஒட்டிக் கூடம், கூடத்துக்குப் பக்கத்தில் பூஜை அறை. வடக்கே சமையற்கட்டு, அதன் நாட்டு ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை. சுவர் ஒன்றரை அடி கனம். தரை சிவப்பு ரெட் ஆக்சைடு. சுவர்களுக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. இந்த நீலத்தையும் சிவப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவை இரண்டும் என்னை நிறைய வேலை வாங்கின.

வீட்டுக்கு மூத்தவர் நண்பனின் ஆயா (பாட்டி). கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார். இந்த ஆய்வில் என்னைவிட முக்கியமான ஆள் அவர்.

கண்ணுக்குத் தெரிவது ஏன் கேமராவில் விழுவதில்லை

கூடத்தில் நின்று முற்றத்தைப் பார்த்தால் வெயிலும் தெரிகிறது, இடது பக்கம் பூஜை அறைக்குள் மாட்டியிருக்கும் படங்களும் தெரிகின்றன. கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வெயிலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியாகவும் இருட்டைப் பார்க்கும்போது வேறு மாதிரியாகவும் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, மனசு இரண்டையும் ஒரே காட்சியாகத் தைத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒரு கிளிக்குக்கு ஒரே அளவு வெளிச்சம்தான்.

முதல் நாள் இதை அளந்து பார்த்தேன். எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. 100 (சென்சாரின் உணர்திறன்) வைத்து, ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முற்றத்து வெயில் கல்லின் மேல் காட்டினால் 1/500 நொடி. அதே அமைப்பில் பூஜை அறையின் மூலையைக் காட்டினால் 8 நொடி. இரண்டுக்கும் நாலாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது என்றால், நாலாயிரம் மடங்கு என்பது ஏறக்குறைய 12 ஸ்டாப். கல்லைவிடப் பளிச்சென்ற பித்தளைச் சொம்பும், மூலையைவிட இருட்டான கதவு இடுக்கும் இந்தக் கணக்குக்கு வெளியே. இன்றைய நல்ல சென்சார் குறைந்த ஐ.எஸ்.ஓ.-வில் 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் மூன்று நான்கு ஸ்டாப்பைத் தூக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் மிஞ்சும். ஒரே படத்தை ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து ஷேடோவை, அதாவது நிழல் பகுதியை, தூக்கினால் போதும் என்று சொல்கிறவர்கள் முற்றம் வைத்த வீட்டுக்குள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் எச்.டி.ஆர். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) பல முறை எடுத்து, இருட்டான படத்திலிருந்து வெயிலையும், வெளுத்த படத்திலிருந்து நிழலையும் எடுத்துச் சேர்ப்பது. யோசனை பழசு. வாலாஜாவுக்கு ரயில் வந்த அதே 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே என்ற புகைப்படக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து ஒரே அச்சாகப் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் இதைக் கணக்காகச் செய்யும் வழியைப் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் வெளியிட்டார்கள். நாம் இன்று ஒரு பட்டனை அழுத்திச் செய்வது அந்தப் பாதையில் வந்த வேலைதான்.

முதல் முயற்சி

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கேமராவின் ஆட்டோ பிராக்கெட்டிங்கில் மூன்று படம், நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் மேலே ஒன்று, இரண்டு ஸ்டாப் கீழே ஒன்று. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோ. வீட்டு டியூப்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன, அணைக்கத் தோன்றவில்லை. ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று படம் இந்த வீட்டுக்குப் போதாது. நாலு ஸ்டாப் விரித்தேன், எனக்கு வேண்டியிருந்தது பன்னிரண்டு. முற்றத்துக் கல் மூன்று படத்திலும் வெளுத்திருந்தது, பூஜை அறை மூன்றிலும் கறுத்திருந்தது. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இணைத்த படம் சப்பென்று இருந்தது, அதனால் ஒரு ரெடிமேட் ப்ரீசெட்டை, அதாவது முன்பே அமைத்து வைத்த எடிட் அமைப்பைப் போட்டேன். தூணின் தேக்கு ரேகை ஒவ்வொன்றும் எழும்பி நின்றது. சுவரின் விரிசலெல்லாம் ஆற்று வரைபடம் மாதிரி தெரிந்தது. நிழல் என்ற ஒன்றே இல்லாமல் எல்லா மூலையும் துலக்கமாகத் தெரிந்தது. நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர்டா" என்றான். அவன் தங்கை ஸ்டேட்டஸ் வைத்தாள்.

அடுத்த வாரம் ஆயாவிடம் லேப்டாப்பில் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊடு நல்லாத்தான் கீது. எந்நேரத்துல எடுத்தது பா இது? காலையிலயா, சாயங்காலமா?"

காலையில்தான், பதினோரு மணிக்கு என்றேன்.

"வெயிலு எங்க கீதுன்னே தெரியலயே."

அப்புறம் அவர் சொன்னது எனக்குப் பெரிய பாடம். அந்த வீட்டில் கடிகாரம் பார்த்து அவர் வேலை செய்ததே இல்லையாம். காலையில் வெயில் மேற்குத் தாழ்வாரச் சுவரில் ஏறியிருக்கும். அது சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். தரையில் பின்வாங்கித் தூணடிக் கல்லுக்கு வந்தால் பதினொன்று. முற்றத்துக்குள் முழுக்க இறங்கிவிட்டால் சாப்பாடு. கிழக்குத் தாழ்வாரத்தில் ஏற ஆரம்பித்தால் காயப்போட்ட வடகத்தை நகர்த்த வேண்டும். என் படத்தில் வெயில் விழுந்த தரையும் விழாத தரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. வீட்டின் கடிகாரத்தையே நான் அழித்திருந்தேன்.

அன்று ராத்திரி அந்தப் படத்தைத் திறந்து, சில இடங்களில் எண்ணை எடுத்துப் பார்த்தேன். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற கணக்கில் முற்றத்து வெயில் 205, தாழ்வாரத்து நிழல் தரை 160, கூடத்துச் சுவர் 150. பூஜை அறைச் சுவர் 158. நிஜத்தில் வீட்டிலேயே இருட்டான இடம் பூஜை அறை. என் படத்தில் அது கூடத்தைவிட வெளிச்சமாக இருந்தது. இதைத்தான் ஆயாவின் கண் ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. பார்க்கிறவர்கள் எச்.டி.ஆர். படத்தைப் "பொய்யா இருக்கு" என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று நான் இப்போது நம்புகிறேன். கலர் அதிகம், ஹேலோ (பொருளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு) தெரிகிறது என்பதெல்லாம் அடுத்து. முதல் குற்றம் வெளிச்சத்தின் வரிசை குலைவதுதான்.

இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். இணைத்த படத்தின் பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் திரையிலும் காகிதத்திலும் அடங்கும்படி சுருக்குவதை டோன் மேப்பிங் என்கிறார்கள். அதில் இரண்டு வகை. படம் முழுவதற்கும் ஒரே வளைகோட்டைப் போடுவது ஒன்று. இதில் வெளிச்சமான இடம் எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும், வரிசை மாறாது, ஆனால் கொஞ்சம் தட்டையாகத் தெரியும். இன்னொன்று ஒவ்வோர் இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, இருட்டான பகுதியைத் தூக்கி, வெளிச்சமான பகுதியை அமுக்குவது. விவரம் எழும்பும், பார்த்தவுடன் கண்ணைப் பிடிக்கும். ஆனால் இருட்டறையைக் கூடத்துக்கு மேலே தூக்கிவிடவும் அதற்குத் தெரியும். தூணுக்கும் வானத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதே, அந்த ஹேலோவும் இந்த வகையில் வருவதுதான். நான் போட்ட ப்ரீசெட் இரண்டாம் வகை, அதுவும் முழு அளவில்.

கோட்டைக்குப் போனது

மறுபடி வாலாஜாவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு காலையில் வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். கேமரா எடுத்துப் போகவில்லை. யாளியும் குதிரை வீரர்களும் செதுக்கிய அந்தத் தூண்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தூணைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பார்த்தேன். வெளி வரிசைத் தூணில் வெயில் நேராக விழுகிறது. அதற்கு அடுத்த வரிசைக்கு வெயில் இல்லை, ஆனால் வெளியே தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறுகிறது. யாளியின் தாடை வெளிச்சமாகவும் நெற்றி இருட்டாகவும் இருக்கிறது. உள்ளே போகப் போகச் சிற்பம் கரைந்து வெறும் உருவமாகிறது. அந்தக் கரைதல்தான் மண்டபத்துக்கு ஆழத்தைத் தருகிறது. அங்கே எல்லா யாளியையும் ஒரே அளவு துலக்கிக் காட்டினால் மண்டபம் ஒரு சுவர் மாதிரி தட்டையாகிவிடும்.

அங்கேயே ஒரு நோட்டில் எட்டு இடங்களை வெளிச்சமானதிலிருந்து இருட்டானது வரை வரிசைப்படுத்தி எழுதிப் பழகினேன். உள்ளே போய்ப் பத்து நிமிடம் கண் பழகிய பிறகுதான் எழுத வேண்டும் என்பதையும் அங்கே கற்றேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் எழுதினால் எல்லாமே இருட்டு என்று எழுதிவிடுவோம்.

இரண்டாம் முறை

பங்குனியில், மேகம் இல்லாத ஒரு நாள் பார்த்துக் காலை ஏழரைக்கே வாலாஜா போய்விட்டேன். முதல் வேலையாக எல்லா டியூப்லைட்டையும் அணைத்தேன். பகல் வெளிச்சத்துக்காகக் கட்டிய வீடு அது, டியூப்லைட் அதற்கு அந்நியம். ஃபேனை நிறுத்தினேன். கொடியில் கிடந்த துணியை எடுத்தோம். ஆடுகிற காலண்டரை ஒரு டேப் துண்டால் ஒட்டினேன். ஏழு படத்தில் ஒன்றில் காலண்டர் இடதுபக்கம், இன்னொன்றில் வலதுபக்கம் இருந்தால் இணைத்த பிறகு பேய் மாதிரி இரண்டாகத் தெரியும். மென்பொருளில் இதை நீக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது ஓர் இடத்துக்கு ஏழில் ஒரே படத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அங்கே மட்டும் நாய்ஸ் வித்தியாசமாக இருக்கும்.

ட்ரைபாட், மேனுவல் மோடு, மேனுவல் ஃபோகஸ், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பை) மாற்றக்கூடாது, மாற்றினால் ஃபோகஸ் ஆழம் படத்துக்குப் படம் மாறி இணைப்பு ஒட்டாது. ஷட்டர் மட்டும்தான் மாறும்: 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2 நொடி, 8 நொடி. இரண்டிரண்டு ஸ்டாப்பாக ஏழு படம். முதல் படத்தில் ஹிஸ்டோகிராமின் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரம் சுவரில் முட்டாமல் இருக்க வேண்டும், கடைசிப் படத்தில் இடது ஓரம் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். அறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். நடைக்கு ஐந்து படமே போதுமாக இருந்தது, ஆனாலும் ஏழு எடுத்துவைத்தேன். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்தேன். ரிமோட்டில் கிளிக் செய்தேன்.

லென்ஸைத் துடைப்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் லென்ஸில் லேசாக விரல் ரேகை இருந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே முற்றத்து வெயில் அந்த ரேகையில் பட்டுச் சிதறி, பக்கத்தில் இருக்கும் இருட்டின் மேல் பால் ஊற்றினது மாதிரி படர்கிறது. 8 நொடிப் படத்தில் இது பயங்கரமாகத் தெரியும். அந்தப் பால் படிந்த இருட்டை எடிட்டில் திருப்பிக் கறுப்பாக்குவது மிகவும் கஷ்டம்.

மச்சில் வேறொரு தொல்லை. மரத் தளம், நான் நடந்தால் ட்ரைபாட் அசைகிறது. 8 நொடி ஓடும்போது மூச்சை அடக்கி நிற்பதைவிட இரண்டு படி இறங்கி ஏணியிலேயே நின்றுகொள்வது சுலபம் என்று மூன்றாவது தடவைதான் புரிந்தது.

ஒவ்வோர் இடத்திலும் முதல் படத்துக்கு முன்னால், பிறகு நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற அட்டையைத் தாழ்வார நிழலில் வைத்து ஒரு படம். பிறகு நோட்டில் எட்டு இடத்து வரிசை. பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் ஆறு காட்சிகள் முடிந்தன. மொத்தம் 42 படங்கள், அட்டைப் படங்கள் தனி.

எடிட்

முதல் காட்சி, கூடத்திலிருந்து முற்றம். இந்த ஒன்றுக்கு நான்கு மணி நேரம் ஆனது, அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஏழையும் என்ஃபியூஸ் முறையில் சேர்த்துப் பார்த்தேன். படங்களை ஒட்டும் ஹியூகின் என்ற மென்பொருளோடு வரும் இலவசக் கருவி அது. 2007-இல் மெர்டென்ஸும் கூட்டாளிகளும் சொன்ன எக்ஸ்போஷர் ஃபியூஷன் வழி. எச்.டி.ஆர். கோப்பு எதையும் உண்டாக்காமல், ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படம் நன்றாக விழுந்திருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கலக்கும். ஹேலோ குறைவு, நிறம் இயல்பு. பலர் உட்புறத்துக்கு இதையே சிபாரிசு செய்கிறார்கள், நியாயம்தான். ஆனால் "நன்றாக விழுந்திருப்பது" என்றால் அதன் கணக்கில் நடுத்தர வெளிச்சத்தை ஒட்டியிருப்பது. அதனால் ஏழு படத்தையும் கொடுத்தால் எல்லா இடத்தையும் நடுவை நோக்கி இழுக்கிறது. பூஜை அறைக்கு 8 நொடிப் படத்தை எடுத்துக்கொண்டு அதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எண்களைப் பார்த்தேன், கூடத்துச் சுவரும் பூஜை அறைச் சுவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில். கடைசி இரண்டு படங்களைத் தவிர்த்து ஐந்தை மட்டும் கொடுத்தபோது வரிசை சரியானது. வேகமாக ஒரு படம் வேண்டுமானால் இது போதும்.

ஆல்பத்துக்கு வேறு வழியில் போனேன். லைட்ரூம் என்ற எடிட் மென்பொருளில் ஏழையும் எச்.டி.ஆர். கோப்பாக இணைத்தேன், ஆட்டோ அமைப்பு எதுவும் இல்லாமல். அப்படி வரும் கோப்பில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் 10 ஸ்டாப் மேலும் கீழும் போகும். வெயிலும் இருட்டும் இரண்டுமே கோப்புக்குள் பத்திரமாக இருக்கின்றன, எவ்வளவு காட்டுவது என்பது என் கையில். பிறகு 1/8 நொடியில் எடுத்த தனிப் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்தேன். கூடத்தில் நிற்கும்போது என் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மிக நெருக்கமான படம் அதுதான். முற்றம் அதில் வெளுத்துப் போயிருக்கும், பூஜை அறை கறுத்திருக்கும், ஆனால் கூடம் சரியாக இருக்கும். இணைத்த கோப்பை அந்தப் படம் மாதிரியே தெரியும்படி எக்ஸ்போஷரை வைத்தேன். அங்கிருந்து, ஹைலைட்டைக் கல் பலகையின் விளிம்புகள் தெரியும்வரை மட்டும் கீழே இறக்கினேன். ஷேடோவைப் பூஜை அறையில் படங்களின் சட்டம் தெரியும்வரை மட்டும் தூக்கினேன். சாமி முகங்கள் தெரிய வேண்டியதில்லை, கூடத்திலிருந்து பார்த்தால் அவை தெரியாது. குத்துவிளக்கின் சுடர் தெரிய வேண்டும், அது தெரியும்.

விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டி ஸ்லைடரைத் தொடவே இல்லை. பதிலுக்கு வளைகோட்டில் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துக் கறுப்பைக் கறுப்பாக்கினேன். எச்.டி.ஆர். படங்கள் புகை மூட்டமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் படத்தில் ஓர் இடத்திலும் உண்மையான கறுப்பு இல்லாததுதான். கதவு இடுக்கு, விட்டத்தின் அடி, அம்மிக்குப் பின்னால் உள்ள சந்து, இவையெல்லாம் கறுப்பாகவே இருக்கட்டும்.

பிறகு நோட்டை எடுத்து எட்டு இடங்களின் எண்ணையும் பார்த்தேன். முற்றத்து வெயில் 243, தாழ்வாரத்து நிழல் தரை 128, கூடத்துச் சுவர் 84, பூஜை அறைச் சுவர் 31. வரிசை நோட்டில் இருந்த மாதிரியே. நடைவாசல் மட்டும் ஓர் இடம் தள்ளி இருந்தது, அந்த இடத்தை மட்டும் மாற்றும் ஒரு மாஸ்க் போட்டு லேசாக இறக்கினேன்.

நிறம்

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த நீலச் சுண்ணாம்பைத் தவறு என்று நினைத்துச் சாம்பலாக்கியிருந்தது. சாம்பல் அட்டைப் படத்தில் கிளிக் செய்தவுடன் நீலம் திரும்பி வந்தது. ஆனால் முழுக்கச் சரியில்லை. தாழ்வாரத்துக்கு வருவது வானத்து வெளிச்சம், அது நீலம். கூடத்துக்குள் வருவது தாழ்வாரச் சிவப்புத் தரையில் பட்டு எகிறிய வெளிச்சம், அது வெதுவெதுப்பானது. சுவரின் கீழ் மூன்றடி இளஞ்சிவப்பாகவும் மேலே நீலமாகவும் இருக்கிறது. முதல் எடிட்டில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றியபோது இந்த இளஞ்சிவப்பு பஞ்சு மிட்டாய் நிறத்துக்குப் போயிருந்தது. அதைக் கறை என்று நினைத்து நான் நீக்கவும் பார்த்தேன். அது கறை இல்லை, தரை சுவரோடு பேசுவது. இந்த முறை சாச்சுரேஷனைக் கூட்டவில்லை, நிழல் பகுதிகளில் கொஞ்சம் குறைக்கவும் செய்தேன். இருட்டைத் தூக்கும்போது அதிலுள்ள நிறமும் சேர்ந்து பொங்கும். கண்ணோ இருட்டில் நிறத்தைக் குறைவாகத்தான் பார்க்கிறது.

மீதி ஐந்து காட்சிகளும் இதே வழியில் வேகமாகப் போயின. கடைசிப் படத்துக்கு நாற்பது நிமிடம்தான். ஜன்னல் கம்பி ஓரங்களில் ஊதாக் கோடு நீக்குவது, தூண்கள் சாயாமல் நேராக்குவது எல்லாம் வழக்கமான வேலை. அச்சுக்கு அனுப்பும் முன் மானிட்டர் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு ஒரு முறை பார்த்தேன். பளிச்சென்ற திரையில் சரியாகத் தெரிந்த நிழல் காகிதத்தில் அடைத்துப் போகும் என்பது கல்யாண ஆல்பத்தில் பட்டுக் கற்றது. லேபில் முதலில் சின்னத் துண்டுகளாக அச்சடித்து, பூஜை அறையை அரை ஸ்டாப் தூக்கினேன்.

ஆயாவின் பரிசோதனை

ஆறு படங்களையும் 12-க்கு 18 அச்சாக எடுத்துப் போனேன். எதையும் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்து, "இது எத்தன மணி ஆயா?" என்று மட்டும் கேட்டேன்.

கூடத்துப் படத்தில் விரலைத் தூணடியில் வைத்தார். வெயில் கல்லை இன்னும் தொடவில்லை, ஒரு முழம் உள்ளே இருந்தது. "பத்தர இருக்கும். பதினொன்னு ஆவல." கோப்பில் 10.38. மச்சு, கிழக்குத் தாழ்வாரம், பூஜை அறை மூன்றையும் அரை மணிக்குள் சொல்லிவிட்டார். நடையில் எந்நேரமும் ஒரே இருட்டுதான், அதில் மணி சொல்ல முடியாது என்று அவரே தள்ளி வைத்தார். அது நியாயம்.

சமையற்கட்டுப் படத்தில் நின்றார். முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடி ஓட்டு வெயிலு எங்க பா?"

இருந்தது. அடுப்பு மேடை மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். ஆனால் அதை நான் கெடுத்திருந்தேன். சுற்றிலும் பல வருடப் புகை படிந்த கன்னங்கரேல் சுவர், நடுவில் அந்த ஒரு சதுரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. வெளுத்த இடம் இருந்தால் தவறு என்ற பழக்கத்தில், 1/500 படத்திலிருந்து அதை மீட்டு, மேடையின் சொரசொரப்புகூடத் தெரியும்படி அமுக்கியிருந்தேன். புகைச் சுவரையும் விவரத்துக்காகக் கொஞ்சம் தூக்கியிருந்தேன். சதுரம் 190, சுவர் 70. வெயில் துண்டு மாதிரி இல்லை, மேடையில் யாரோ ஒட்டிய காகிதம் மாதிரி இருந்தது.

வேலூருக்குத் திரும்பி அன்றிரவே மாற்றினேன். சுவரை 18-க்கு இறக்கினேன். புகைக்கரி கறுப்பாக இருக்கட்டும், அதன் மேல் பித்தளைத் தவலையின் விளிம்பு மட்டும் மின்னினால் போதும். சதுரத்தை முழு வெள்ளைக்கு விட்டுவிட்டேன். அதற்குள் ஒரு விவரமும் இல்லை, 255. அந்தச் சமையற்கட்டில் நின்றபோது என் கண்ணும் அந்த இடத்தை நேராகப் பார்க்க முடியாமல் கூசியது. எவ்வளவோ மெனக்கெட்டு ஏழு எக்ஸ்போஷர் எடுத்ததே வெளுப்பைத் தவிர்க்கத்தான் என்றாலும், இந்த ஓர் இடத்தில் வெளுப்புதான் உண்மை. சதுரத்தைச் சுற்றி லென்ஸில் படிந்த லேசான ஒளிவட்டத்தையும் நீக்கவில்லை. மேடையிலிருந்து எகிறிய வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஒரு மங்கலான மஞ்சளாக ஏறியிருந்தது, அதை முதல் எடிட்டில் நான் கவனிக்கவே இல்லை. சுவரை இறக்கியதும் தானாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு புது அச்சை எடுத்துப் போனேன். ஆயா இந்த முறை கண்ணாடியைத் தேடவில்லை. கையில் வாங்கியதும் சொன்னார்.

"சோறு வடிக்கிற நேரம்."

கோப்பில் 11.48. நான்கு ஆல்பத்துக்கும் அந்தப் படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.